அடிமரம் மேலே

நிலை தலைகீழாகக் கிடக்கிறது. இதை நான் சொல்லப் போவதில்லை. செங்கல்லை வரிசையாக அடுக்கி அதன்மேல் மல்லாத்திக் கிடத்தியிருக்கும் இந்தத் தேக்கு வாசல் நிலையின் இரண்டு கால்களும் இடம் மாறி, வலது இடதாகவும் இடது வலதாகவும், அதனாலேயே அடிமரம் மேலாகவும் நுனிமரம் கீழாகவும் பூட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பந்தல் நிழலில் கூடியிருக்கும் இத்தனை பேரில் நான் ஒருத்தி மட்டுமே அறிவேன். நல்ல நேரம் பிறந்ததும் நான்கு ஆண்கள் இதைத் தூக்கி நிறுத்துவார்கள். அடியில் நவதானியமும் ஒரு பொட்டுத் தங்கமும் இடுவார்கள். சுமங்கலிகள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். பிறகு இரு பக்கமும் சுவர் எழும்பி அதைக் கவ்விக்கொள்ளும். அதன்பின் சுவரை இடிக்காமல் எவராலும் அதைத் திருப்ப முடியாது. அதுவரை நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். அது எனக்குக் கடினமில்லை. பணிக்காலம் முழுவதும் தேர்வறையில் மேற்பார்வை பார்த்தவள் நான். ஒரு பிள்ளை கண்ணெதிரே தவறான விடையை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தும் பாராதது போல் நடந்து அடுத்த வரிசைக்குப் போய்விடுவதுதான் அந்த வேலையின் ஒழுக்கம். மரகதவல்லி தவறாக எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் நடந்து போகிறேன். அவ்வளவுதான்.

மரகதவல்லி என் ஓர்ப்படி, கணவருடைய தம்பியின் மனைவி. இது அவள் கட்டும் வீடு. ஆனால் இதில் அவளுடையது என்று சொல்ல மண்ணும் சிமென்டும் தவிர என்ன இருக்கிறது? நிலை, கதவு, சன்னல், மாடப்பலகை, கருங்கல் படி, சுண்ணாம்பு சுரண்டிய செங்கல் வரைக்கும் அனைத்தும் திருநெல்வேலி டவுனில் இருந்த எங்கள் பழைய வீட்டிலிருந்து வந்தவை. அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக முதலில் போனவள் நான். மாமனார் காலத்துக்குப் பின் பாகம் பிரிக்க வழியில்லாமல், இடத்தைத் துணிக்கடைக்காரர் ஒருவருக்குக் கொடுத்தோம். இடிப்பதற்கு முன்னால் கொழுந்தன் சங்கரலிங்கம் எல்லோரையும் கூட்டி வைத்து, யாருக்கு என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம், மிச்சத்தை இடிப்புக்காரர் கொண்டுபோவார் என்று கேட்டார். முதலில் என்னைத்தான் கேட்டார்; மூத்தவள் என்ற மரியாதை. நான் சொன்னேன்: "கரையானுக்குச் சீர் செய்ய எனக்கு ஆசை இல்லே." எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் சிரித்தார்கள். எனக்கும் அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. மாடிக் குடியிருப்பில் அளந்து கட்டிய இரண்டு அறைகளில் நான் அந்தக் கதவுகளை எங்கே வைப்பேன்? சொன்னது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். எனக்கு அந்த மரம் வேண்டாம். எனக்கு வேண்டாம் என்பது ஒன்று; அவளுக்குக் கிடைத்தது என்பது வேறொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறவர்கள் சிந்திக்கத் தெரியாதவர்கள். அன்று மரகதவல்லி கூடத்து மூலையில் நின்றபடி, குரலை உயர்த்தாமல், "அப்படின்னா எல்லாத்தையும் நானே எடுத்துக்கிடட்டுமா அக்கா?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்டாள். கேட்ட விதத்தில் குறை கண்டுபிடிக்க இன்றுவரை முயன்று பார்க்கிறேன்; முடியவில்லை. அதுதான் அவளுடைய சாமர்த்தியம். எதையும் கேட்டுத்தான் எடுத்துக்கொள்வாள்.

வெயில் ஏறுகிறது. பந்தல் துணியின் நீலம் எல்லார் முகத்திலும் படிந்து, எல்லாரும் நோயிலிருந்து எழுந்தவர்கள் போல் இருக்கிறார்கள். நிலை மட்டும் ஒளிர்கிறது. இதைச் சொல்லத்தான் வேண்டும். கண்ணால் காண்பதை மறுக்கிற பழக்கம் எனக்கில்லை. நான் அந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் இந்த நிலை சந்தன நிறப் பெயின்டுக்குள் கிடந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு பூச்சு. பெயின்டு காய்ந்து உரிந்து, அதன்மேல் புதுப் பெயின்டு. தடித்துத் தடித்து யானைத்தோல் போல் ஆகிவிட்ட அதைத் தினமும் கடந்து பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். உள்ளே இப்படி ஒரு பொன் இருக்கிறதென்று எனக்கு எவரும் சொல்லவில்லை. எவருக்கும் தெரியாது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய மரகதவல்லி, ஒரு பழைய ரம்பத்துண்டை வைத்து மூலையில் ஒரு விரலகலம் சுரண்டிப் பார்த்தாளாம், பார்த்துவிட்டுச் சிரித்தாளாம். இதை எனக்குச் சொன்னவர் என் கணவர். சொல்லிவிட்டு ஒரு வாக்கியம் சேர்த்தார்: "மரகதம் கையிலே எடுத்தா பழசும் புதுசாயிரும்." சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கீழே வைக்கவில்லை, முகம் மாறவில்லை, இன்னொரு கை சோறு வைத்தேன். ஆனால் அந்த வாக்கியம் அன்றிலிருந்து எனக்குள் போகவும் இல்லை, வெளியேறவும் இல்லை. மீன் முள் நின்றது போல் நிற்கிறது. மரகதம் கையிலே எடுத்தா. என் கையில் என்ன இருந்தது? அவருடைய அம்மாவின் மருந்துச் சீட்டு இருந்தது, அவருடைய தம்பியின் கல்லூரிக் கட்டணம் இருந்தது, சாக்பீஸ் இருந்தது. அவையெல்லாம் கையிலிருந்து செலவாகிப் போகிறவை. சுரண்டிப் பார்த்தால் பொன் தெரியாது.

அதோ, ஆசாரி பலவேசத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறார் என் கணவர். வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார். எங்கள் குடியிருப்பில் சுவர்க்கடிகாரம் மாட்ட ஒரு ஆணி அடிக்க ஆள் வர வேண்டும் என்று ஒரு மழைக்காலம் முழுதும் காத்திருந்தவர், இங்கே விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டரில் வந்து, இந்த மரத்துக்கெல்லாம் தன் கையால் உப்புத்தாள் தேய்த்து, ஆளி விதை எண்ணெய் பூசியிருக்கிறார். மாதக்கணக்காக. மாலையில் திரும்பி வரும்போது அந்த எண்ணெய் வாசனை அவருக்கு முன்னால் படியேறி வரும். சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் மஞ்சளாக நிற்கும். தலையணை உறையில்கூட. "என்ன வாசனை இது?" என்று நான் கேட்டதில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவார். ஏன் போகிறீர்கள் என்றும் கேட்டதில்லை. தம்பி வீடு, போகிறார். ஓய்வுபெற்ற மனிதர், பொழுது போகிறது. இதில் அருவருப்பான பொருள் எதையும் நான் சேர்க்கவில்லை. அப்படிப்பட்ட மனம் எனக்கு இல்லை, அப்படிப்பட்ட மனிதரும் அவர் இல்லை. மரகதவல்லி அவரை "அத்தான்" என்று அழைத்து ஒரு தம்ளர் மோரை நீட்டுகிறாள், அவர் குடிக்கிறார், அவ்வளவுதான் இருக்கும். ஆனால் ஒரு மனிதனின் கைகளுக்கு இவ்வளவு பொறுமை உண்டு என்று தெரியாமலே அவனோடு ஒரு ஆயுளைக் கழித்துவிட்டு, அந்தப் பொறுமை இன்னொரு வீட்டு வாசலில் எண்ணெயாக மினுங்குவதைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதற்கு என்ன பெயர்? அகராதியில் பெயர் இருக்கிறது. அந்தச் சொல் குறிக்கும் குணத்தை நான் மாணவிகளிடம் ஒருபோதும் மன்னித்ததில்லை.

"ஆவுடை, நீயும் ஒரு சன்னலாவது கேட்டு வாங்கியிருக்கப்படாதா?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கடையத்துச் சித்தி கேட்கிறாள். என் மாமியாரின் தங்கை. பல் எல்லாம் போய்விட்டது; நாக்கு மட்டும் இருக்கிறது. "எதுக்கு சித்தி, எங்க வீட்டுல எட்டிப் பாத்தா பக்கத்து வீட்டுக் குளியலறைதான் தெரியும்" என்றேன். "அதுக்கில்ல ட்டி, மரத்தப் பாரு, கல்யாணப் பொண்ணு மாதிரில்லா மினுங்குது. ஒங்க அத்த இருந்தா கண்ணுல ஒத்திக்கிடுவா. மரகதத்துக்கு ராசியான கையி." மறுபடி கை. நான் சிரித்தேன். சிரிப்பது சுலபம், வாயின் இரு ஓரங்களையும் சிறிது விலக்கினால் போதும். "அந்தக் கணுவப் பாத்தியா, தீபம் எரியுத மாதிரியே இருக்கு" என்று சித்தி மேல்விட்டத்தின் பக்கம் கையை நீட்டினாள். நான் பார்த்தேன். அதைத்தானே வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அது கணு இல்லை. அது தீ சுட்ட தழும்பு. அதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். நாக்கு வடிவில், அகன்ற பக்கம் கருத்து, நுனி பழுப்பாகிக் கூர்ந்து மரத்துக்குள் கரைகிற தழும்பு. தீ மேல்நோக்கித்தான் எரியும். நுனி வானத்தைப் பார்க்க வேண்டும். இங்கே அகன்ற பக்கம் மேல்விட்டத்தை ஒட்டியிருக்கிறது, நுனி வாசற்படியைப் பார்க்கிறது. இயற்பியல் கற்பித்தவளுக்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா? ஆசாரிகள் ரேகை பார்த்து அடி எது நுனி எது என்று சொல்லிவிடுவார்கள் என்று பெயர். மரம் எப்படி வளர்ந்ததோ அப்படியே நிற்க வேண்டும், வேர்ப்பக்கம் தரையில், கிளைப்பக்கம் மேலே; மாறி நின்றால் குடி விளங்காது என்பது அவர்களுடைய சட்டம். ஆனால் இந்தக் கால்களைக் கழற்றி, இற்றுப்போன முனைகளை அறுத்து, இரு முனையிலும் விட்டத்திலும் படியிலும் செருக ஒரே அளவில் புதுக் கொழு செதுக்கி, இழைத்து, எண்ணெய் பூசிய பின் இரண்டு முனையும் ஒன்று போலவே ஆகிவிட்டன. பழைய கதவு ஆதலால் கீல் போட்ட தடமும் காலில் கிடையாது. கதவு, விட்டத்திலும் படியிலும் பதிந்த குடுமியில் சுழன்றது. இடதுகாலைத் திருப்பிப் பிடித்தால் வலதுகாலாகப் பொருந்திவிடும். பொருந்திவிட்டது. அழகாகவே பொருந்திவிட்டது.

நான் ஒருத்தி மட்டுமே அறிவேன் என்றேன். அது துல்லியமில்லை. இன்னொருவர் அறிந்திருக்க வேண்டும். அந்தத் தழும்பு உண்டான கார்த்திகை எனக்கு மணமான முதல் கார்த்திகை. மாமனாரும் மாமியாரும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். நான் அரையாண்டுத் தேர்வுத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தேன். விளக்கேற்றும் நேரம் தவறிவிட்டது. "நீ எழுது, நான் ஏத்துதேன்" என்று அவரே எழுந்து போய் வாசற்படியின் இரு ஓரத்திலும் அகல் வைத்தார். ஆண்கள் வைக்கிற விதம்: நிலைக்காலோடு ஒட்டி. காற்று திரும்பியது. நான் வாசனை கண்டு ஓடி வந்தபோது திரி சாய்ந்து, பெயின்டு கொப்புளித்து, தீ நிலைக்காலை நக்கிக்கொண்டிருந்தது. அவர் தண்ணீரைத் தேடி வீட்டுக்குள் ஓடினார். நான் புடைவைத் தலைப்பால் அடித்து அணைத்தேன். பிறகு இருவரும் தரையில் குப்புறப் படுத்தது போல் கிடந்து, சவரக் கத்தியால் கரியைச் சுரண்டினோம். மிச்சம் இருந்த சந்தனப் பெயின்டை நான் விரலால் தொட்டுத் தொட்டுப் பூசினேன். "அம்மைக்குத் தெரிஞ்சா ஒன்னத்தான் வைவா" என்றார். "ஒங்க பேரச் சொல்லிருவேன்" என்றேன். சிரிப்பு தாளாமல் என் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கினார். பெயின்டு அவர் மூக்கில் ஒட்டியிருந்தது. மாமியார் திரும்பி வந்தும், கடைசிவரை அதைக் கண்டுபிடிக்கவில்லை. இதை நான் இனிமையான நினைவு என்று சொல்லவில்லை. நினைவுகளை எடுத்து மோந்து பார்க்கிற வேலை எனக்கு ஒத்துவராது. இது நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். நடந்ததற்கு இரண்டு பேர் சாட்சி. மரகதவல்லி அப்போது பாவாடை கட்டிக்கொண்டு எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள்.

ஆகவே அவர் அறிந்திருக்க வேண்டும். அந்தக் காலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது அவர் கை. பெயின்டை உரித்தபோது அது வெளிவந்திருக்கும். எண்ணெய் பூசும்போது விரல் அதன்மேல் போயிருக்கும், ஒரு தரமா, பல தரம். ஒரு மாலையாவது வந்து, "அந்தக் கார்த்திகைத் தழும்பு அப்படியே இருக்கு ஆவுடை" என்று சொல்லியிருக்கலாமே. சொல்லவில்லை. சொல்லாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அடையாளம் தெரிந்தும் எனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அப்படியானால் யாருக்குச் சொன்னார்? மோர்த் தம்ளரை நீட்டிக்கொண்டு நின்றவளிடம் சொன்னாரா? இந்த இடத்தில் என் மனம் நிற்கிறது. இதைத் தாண்டிப் போக மறுக்கிறது. இரண்டாவது காரணம், அவருக்கு நினைவே இல்லை. எது மேல்? இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். முதலாவது என்றால் எங்கள் தழும்பு அவளுடைய வாசலுக்குப் போய்விட்டது. இரண்டாவது என்றால் அது எங்களுடையதாகவே இருந்ததில்லை, என்னுடையது மட்டும். முதலாவது இல்லை, அவளுக்குத் தெரிந்திருந்தால் நிலை இப்படித் தலைகீழாகக் கிடக்காது. ஆக இரண்டாவது. இல்லை, அவருக்கு நினைவு இருக்கும். அடி நுனிதான் யோசித்திருக்க மாட்டார், எண்ணெய் போட்ட கைக்கு அது எதற்கு. இப்போது நிலையின் மறுபக்கத்தில் இருக்கிறார், அங்கிருந்து தழும்பு தெரியாது. எழுந்து இந்தப் பக்கம் வந்தால் தெரியும்.

"அக்கா, காப்பி ஆறிருச்சே, வேற கொண்டு வரட்டுமா?" மரகதவல்லி. அவள் வந்ததை நான் கவனிக்கவில்லை. அரக்குப் பட்டு, நெற்றியில் வியர்வை, முந்தானையில் மஞ்சள் கறை. "வேண்டாம்" என்றேன். "ஒங்களத்தான் மொதல்ல பொட்டு வைக்கச் சொல்லணும்னு இருக்கேன். நீங்கதான் அந்த நெலைக்கு மூத்தவங்க." என்ன பேச்சு. நிலைக்கு மூத்தவள். எனக்கே உரிய ஒன்றை எனக்கே தானமாகத் தருவதற்கு எப்படிக் கற்றாள்? "அவ்வளவு குனிய என் முட்டி எடம் கொடுக்காது. நீயே வை" என்றேன். "குனிய வேண்டாம்க்கா, நிக்கிற ஒயரத்துல வைங்க, கீழ நான் வைக்கேன்." அவளுக்குப் பின்னால் அவள் மகள் பகவதி, நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கயிற்றுக்கட்டிலில் உட்கார இடம் தேடுகிறாள். "பெரியம்மை, எம் பிள்ளை இந்த வீட்டுலதான் பெயர் வச்சுக்கிடும்னு அம்மா அடம் பிடிக்கா" என்று சிரித்தாள். "அதுக்குள்ள கூரை போட்ருவாங்களாட்டி?" "கூரை இல்லேன்னா வானத்தப் பாத்துக்கிட்டுப் படுக்கட்டும்" என்றாள்.

நான் நிலையைப் பார்த்தேன், வயிற்றைப் பார்த்தேன், மறுபடி நிலையைப் பார்த்தேன். அறுத்து எத்தனையோ தலைமுறை ஆன மரத்துக்குத் தலை ஏது, கால் ஏது? ஈரம் ஏறுகிற மரத்துக்குத்தான் அடியும் நுனியும். உலர்ந்த மரத்துக்கு அழுத்தம் ஒன்றுதான், எடை ஒன்றுதான். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட என்னால் முடியும். ஆதலால் நான் சொல்லாதிருப்பதால் எவருக்கும் எந்தத் தீங்கும் இல்லை. தீங்கில்லை என்றால் எனக்கு அதில் என்ன மகிழ்ச்சி? மகிழ்ச்சி இருக்கிறதே, நாக்கின் அடியில் ஒரு துண்டு கல்கண்டு போல் வைத்துக்கொண்டிருக்கிறேனே. இவர்களுடைய கணக்கில் இது பெரும் குற்றம். என் கணக்கில் ஒன்றுமில்லை. இவர்களுடைய கணக்கில் இவர்கள் தோற்பதை என் கணக்கில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒவ்வொரு நல்லநாளுக்கும் இங்கே வருவேன், வாசலில் நிற்பேன், ஒருவரும் அறியாமல் மேலே பார்ப்பேன். மரகதம் கையிலே எடுத்தது இது. ஆனால் பகவதிக்கு ஏதேனும் ஆனால்? ஆகாது. ஆனால், ஆனால்? எத்தனையோ பேறுகாலங்கள் எப்படியோ ஆகின்றன. மரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். அப்படி ஒன்று நடந்த பிறகும் எனக்குத் தெரியுமா? உள்ளங்கை வியர்க்கிறது. அறிவுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, இது வேறு எதுவோ. நாற்காலியின் கைப்பிடியில் துடைத்துக்கொண்டேன். இல்லை. சொல்ல மாட்டேன். சொன்னால் என்ன ஆகும்? ஆணியைத் தட்டிக் கழற்றித் திருப்பிப் பூட்டுவார்கள், வீடு குறையற்றதாகிவிடும், அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். குறையற்ற ஒன்றை அவளுக்கு நான் எதற்காகக் கொடுக்க வேண்டும்? கேட்டால் கொடுக்கலாம். இதை அவள் கேட்கவில்லை. முதன்முறையாகக் கேட்கத் தெரியாமல் நிற்கிறாள்.

ஆசாரி எழுந்து வானத்தைப் பார்த்தார். "நேரம் நெருங்குது. புடிக்கிறவங்கள்லாம் வாங்க" என்றார். கொழுந்தன் வந்தார், இன்னும் இருவர் வந்தார்கள். என் கணவர் முட்டியில் கை ஊன்றி எழுந்தார். எழுந்து, நிலையைச் சுற்றி, இந்தப் பக்கம் வந்தார். மேல்விட்டத்தின் அருகே நின்றார். தழும்புக்கு நேரே. குனிந்தார். அவர் துண்டின் முனையால் அந்த இடத்தைத் துடைத்தார், மெல்ல, குழந்தையின் வாயைத் துடைப்பது போல். துடைத்துவிட்டு அப்படியே நின்று பார்த்தார். நெற்றி சுருங்கியது. உதடு அசைந்தது. நினைவு வந்துவிட்டது. வந்துவிட்டது, எனக்குத் தெரியும், இந்த நெற்றிச் சுருக்கத்தை நான் கண்டிருக்கிறேன், பேனாவை எங்கே வைத்தோம் என்பது நினைவுக்கு வரும்போது இப்படித்தான் சுருங்கும். இப்போது என்னைத் திரும்பிப் பார்ப்பார். பார்த்தால் நான் கண்ணை இமைத்தால் போதும். சொல்ல வேண்டாம் என்று புரிந்துகொள்வார். இரண்டு பேருமாகச் சேர்ந்து இதையும் ஒளித்து வைப்போம். அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. பந்தலின் மறுகோடியில் தட்டில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்த மரகதவல்லியைப் பார்த்தார். ஒரு எட்டு வைத்தார். வாயைத் திறந்து, "மரகதம்..." என்றார்.

நாற்காலி பின்னால் விழுந்த சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. அதன்பிறகு என் குரல், பள்ளி மைதானத்துக் கடைசி வரிசை வரை ஒலிபெருக்கி இல்லாமல் போய்ச் சேர்ந்த குரல்: "நிறுத்துங்க! நெலையைத் தூக்காதீங்க! காலு ரெண்டும் தலைகீழாப் பூட்டியிருக்கு!" எல்லாரும் திரும்பினார்கள். கடையத்துச் சித்தி "முருகா" என்று மார்பில் கை வைத்தாள். ஆசாரி பலவேசம் என் பக்கம் வந்து, "என்னம்மா சொல்லுதீய? எத வச்சுச் சொல்லுதீய?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். நான் தழும்பின்மேல் விரலை வைத்தேன். "இது கணு இல்லை, தீ சுட்டது. விளக்கு வாசற்படியிலதான் இருக்கும், விட்டத்துல தொங்காது. நாக்கு எந்தப் பக்கம் பாக்குது பாருங்க." ஆசாரி குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு எழுந்து, யாரையும் பாராமல், "கொட்டாப்புளிய எடுங்கடா" என்றார். அந்த மரச் சுத்தியலால் மர ஆணிகளைத் தட்டி எடுத்தார்கள். விட்டத்தையும் படியையும் பிரித்தார்கள். கால்களை இடம் மாற்றித் திருப்பினார்கள். கொழு இறங்கும்போது எழுந்த சத்தம் பல் பொருந்துவது போல் இருந்தது. நேரம் தவறவில்லை.

மரகதவல்லி மஞ்சள் கையோடு ஓடி வந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நான் நினைத்தபடியேதான். "நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும்க்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "என்னமோ சொல்ல வந்தீங்களே அத்தான்?" என்று என் தோளைத் தாண்டி அவரைக் கேட்டாள். "அதுவா? மோர் இருந்தா ஒரு தம்ளர் குடுன்னு கேக்க வந்தேன். வெயிலு மண்டையப் பொளக்குது" என்றார் என் கணவர். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நிலைக்காலை எட்டிப் பார்த்தார். "இது சுட்ட தழும்பா? நான் நல்ல வைரக் கணுன்னுல்லா நெனச்சு எண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தேன். யாரு சுட்டா இத?" கேட்டுவிட்டு, விடை சொல்லப்படும் என்ற நம்பிக்கையோடு என் முகத்தைப் பார்த்தார். வெள்ளையான, எதுவும் ஒளித்து வைக்காத முகம். அந்த மூக்கு. "எப்பக்கா சுட்டுது? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாள் மரகதவல்லியும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே ஆவலோடு, கதை கேட்கிற பிள்ளைகள் போல் காத்திருந்தார்கள். நான் மரகதவல்லியைப் பார்த்து, "நீ வர்றதுக்கு முந்தி" என்றேன். "எல்லாம் நல்லதுக்குத்தான். மரகதம் யோகக்காரி, கடைசி நிமிஷத்துல பாரு, எப்படித் தப்பிச்சிருச்சு" என்றார் அவர்.

நிலை எழுந்தது. நான்கு பேரும் முனகினார்கள், ஆசாரி தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார், குலவை கேட்டது. தேங்காய் உடைந்தது. நிமிர்ந்து நின்ற பிறகுதான் அதன் உயரம் தெரிந்தது. ஒரு குறையும் இல்லை. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், உண்மையாகவே தேடினேன்; ஒரு குறையும் இல்லை. தட்டை முதலில் என்னிடம்தான் நீட்டினாள். நிற்கிற உயரத்தில் இரு காலிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தேன். பிறகு அவள் தட்டை வாங்கிக்கொண்டு கீழே குனிந்தாள். தழும்பு இப்போது இருக்க வேண்டிய இடத்தில், வாசற்படியை ஒட்டி, நுனி மேல்நோக்கி இருந்தது. குங்குமம் தோய்ந்த அவள் விரல் அதை நோக்கிப் போயிற்று.

"அங்க வைக்காதே" என்றேன்.

அண்ணாந்து பார்த்தாள். "ஏன்க்கா?"

"சுட்ட எடத்துல பொட்டு வைக்கக் கூடாது. வழக்கமில்லை."

அப்படி ஒரு வழக்கம் எங்கும் இல்லை. ஆசாரி என்னைப் பார்த்தார். ஆனால் இன்றைக்கு என்னை மறுத்துப் பேச அவருக்கு வாய் இல்லை. மரகதவல்லி நம்பினாள். விரலை எடுத்து, நான்கு விரற்கடை தள்ளி, வெறும் மரத்தில் வைத்தாள்.